பாதாளக்கரண்டியும் நம் ஐயாதுரையும்

இராஜபாளையம்
22-8-1993

அன்பு மகள் செல்லக்கனிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் தம்பி ஐயாதுரையும் நல்ல சுகம். உன் அம்மாவும் சுகம்தான், ஆனால் ஒரு வாரமாக என்னோடு பேசாமல் இருந்து நேற்றுத்தான் வாயைத் திறந்தாள், காரணம் கீழே வரும். பம்பாய் மழையில் நனைந்து இருமலை இழுத்து வைத்துக்கொள்ளாமல் இருக்கிறாயா என்று உடனே எழுது. நீ படிக்கிற பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த பாடத்தை நாலு பக்கத்துக்கு எழுதியிருந்தாயே, அது கிடைத்தது. நம் தம்பி மாதிரிப் பேச்சு வராத பிள்ளை செய்கிற சேட்டை எதுவும் சும்மா இல்லை, ஏதாவது ஒன்று வேண்டும் என்று செய்யும், அல்லது ஏதோ ஒன்றிலிருந்து தப்பிக்கச் செய்யும், அல்லது நாலு பேர் தன்னைப் பார்க்கட்டும் என்று செய்யும், அதுவும் இல்லையென்றால் உடம்புக்கு அது சுகமாக இருக்கும், முன்னால் என்ன நடந்தது பின்னால் என்ன கிடைத்தது என்று பார்த்தால் காரணம் தெரிந்துவிடும் என்று எழுதியிருந்தாய். உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அஞ்சாவது காரணம் அப்பன் குடுக்கிற செல்லம், அதை ஏன் உங்க மக எழுதல என்று கேட்டாள்.

தம்பி கிணற்றில் சாமான் போடுகிற கதை உனக்குத் தெரியும். நீ பம்பாய்க்குப் போன பிறகு அது முற்றிவிட்டது. டம்ளர், சொம்பு, சோப்பு டப்பா, என் மில் சாப்பாட்டுத் தூக்கின் மூடி, எல்லாம் உள்ளே. சாமான் போனால் மயிராச்சு என்று விட்டுவிடலாம், போட்டுவிட்டு அவன் கைப்பிடிச் சுவரில் வயிற்றை வைத்துக் குனிந்து பார்க்கிறான், அதைக் கண்டால் ஓடிப்போய் அவன் இடுப்பைப் பிடித்துக்கொள்கிறேன். உன் சோலைராஜ் மாமா சோழபுரத்திலிருந்து வந்தவர் அதைப் பார்த்துவிட்டு, கால்ல ஒரு கயித்தக் கட்டித் தூணோட போடுங்க மாப்ளே, பிள்ளை உசுரோடயாவது இருக்கும்லா என்று சொல்லிவிட்டுப் போனார். உன் அம்மா அழுதுகொண்டே கடைத்தெருவுக்குப் போய், கணுக்காலை அறுக்காத நூல் கயிறாகப் பார்த்து வாங்கிவந்தாள். கிணற்றடி தவிர வீடு முழுக்க அவன் நடமாடட்டும் என்று நீளமாகவே வாங்கியிருந்தாள். அந்தக் கயிறு ஆணியில் தொங்கியதைப் பார்த்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பெரிய பிள்ளை படித்த படிப்பைக் கொஞ்சம் செய்து பார்க்கிறேன், ஆவணி பிறந்ததும் கட்டு என்று தவணை கேட்டேன்.

முதலில், தப்பிக்கத்தான் போடுகிறான் என்று முடிவு செய்தேன், சொம்பு போய்விட்டால் குளிக்க வேண்டாமே. ஆனால் குளிப்பாட்டித் துவட்டிவிட்ட பிறகு வாளியையே தள்ளிவிட்டான். அடுத்து, தின்பண்டம் கேட்கிறான் என்று நினைத்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறிப்போய் பால்கோவா வாங்கிவந்து, போடாமல் இருந்தால் இது உனக்கு என்று காட்டினேன். நிதானமாகத் தின்றான், கையை என் வேட்டியில் துடைத்தான், காலி டப்பாவைக் கிணற்றில் போட்டான். மிச்சத்தில் எனக்குப் பட்டது நாலு பேர் பார்க்கட்டும் என்கிற காரணம். அதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை, அவன் என் பிள்ளை அல்லவா. இனி எதைப் போட்டாலும் யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று வீட்டில் உத்தரவு போட்டேன்.

உத்தரவு போட்ட அன்றைக்கா உன் மாமா புதுச் செருப்போடு வரவேண்டும்? அவர் வாசலில் கழற்றிவிட்டுக் காபியை வாயில் வைக்கவில்லை, ஒரு செருப்பு உள்ளே போய்விட்டது. நான் உன் அம்மாவைக் கண்ணாலேயே மிரட்டினேன். அவள் பாவம், இந்த வருசம் கத்தரிக்காயில எம்புட்டுப் புழு பாத்தியாண்ணே என்று பேச்சைத் தொடங்கினாள். அவர், ஏட்டி பரிபூரணம், என் செருப்பு கெணத்துல கெடக்கு, நீ கத்தரிக்கா பேசுத என்று கத்த, எந்தச் செருப்பு அத்தான் என்று நான் கேட்க, அதற்குள் அடுத்த செருப்பும் போய்விட்டது. மனுசர் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன் தாயே. அவ்வளவு பேர் பார்த்தும் தம்பி ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. அவன் கண் முழுக்க அடுத்த வீட்டு ஆவுடையம்மாள் பெரியம்மா வாசலில் இருந்தது. கிணற்றில் விழுந்ததைத் துழாவி எடுக்கும் பாதாளக்கரண்டி நம் தெருவுக்கே அவள் வீட்டில் ஒன்றுதானே உண்டு. அதன் கொக்கிகள் ஒன்றோடொன்று மோதிக் கலகலவென்று சத்தம் வந்ததும் இவன் குதிக்கத் தொடங்கினான். கரண்டியை உள்ளே இறக்கியதும் சுவரில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். செருப்பு மேலே வந்தபோது அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பெரியம்மா கரண்டியைத் தூக்கிக்கொண்டு போனதும் அடுத்து எதைப் போடலாம் என்று சுற்றுமுற்றும் தேடினான். பின்னால் என்ன கிடைத்தது பாருங்கள் என்று நீ எழுதியிருந்தாய், நான் இத்தனை நாளும் அவன் மூஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

சரி, கரண்டியை வாங்கி அவனுக்குக் காட்டலாம் என்று மறுநாள் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். ஒரு குடத்தை ஈடு வைக்காமல் கரண்டியைக் கொடுத்தால் வீட்டுக்கு ஆகாது என்பது அவள் சட்டம், குடத்தோடுதான் போனேன். என்ன விழுந்துச்சு என்று கேட்டாள். ஒன்றும் விழவில்லை, சும்மா இறக்கிப் பார்க்க வேண்டும் என்றேன். ஒண்ணும் விழாமக் கரண்டி எறக்குனா வீட்டுக்கு ஆகாது என்று கதவைச் சாத்திவிட்டாள். வேறு வழியில்லாமல் திரும்பி வந்து என் சவரக் கிண்ணத்தை நானே கிணற்றில் போட்டேன். அதை உன் அம்மா பார்த்துவிட்டாள். அன்றிலிருந்துதான் பேச்சு இல்லை.

பிறகு, கரண்டிக்காக நித்தம் ஒரு சாமானைப் போட முடியாதே என்று, நானே ஒரு கொல்லுப் பட்டறையில் சின்னதாக ஒரு கரண்டி அடிக்கச் சொல்லி வாங்கி வந்தேன். கட்டக் கயிறு தேடிக்கொண்டிருந்தபோது உன் அம்மா அந்த நூல் கயிற்றை ஆணியிலிருந்து எடுத்து என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். கேட்கிற வழியைப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுங்கள் என்று நீ எழுதியபடியே, அவன் எதையாவது போடக் கை ஓங்கும் முன் கையைப் பிடித்துக் கயிற்றின் நுனியை என் கையில் வைக்க வைத்து, வைத்த உடனே கரண்டியை இறக்கினேன். சும்மா சொல்லக்கூடாது, முதலில் கயிற்றையும் வைத்தான், சொம்பையும் போட்டான். நேற்றுக் காலை நான் முகத்தில் சோப்பு நுரையோடு கிணற்றடியில் உட்கார்ந்திருந்தேன். சுவர் மேல் நிறைசொம்பு இருந்தது. தம்பி வந்தான், சொம்பைப் பார்த்தான். அவன் சொம்பைத் தாண்டிப் போய் ஆணியிலிருந்து கயிற்றை எடுத்து வந்து என் கையில் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டான். பிறந்ததிலிருந்து அவன் என்னிடம் ஒன்றைக் கேட்டது அதுதான் தாயே முதல் தடவை. எனக்குக் கண் மறைத்துவிட்டது, எழுந்திருக்கத் தோன்றவில்லை. அப்போதுதான் உன் அம்மா அடுப்படியிலிருந்து, பிள்ளை கேக்கான்லா, செரைச்சது போதும், எந்திரிங்க என்றாள்.

மாமா கயிறு கட்டியாயிற்றா என்று ஆள் விட்டுக் கேட்டார். கட்டியாயிற்று, மறுமுனையில் நான்தான் இருக்கிறேன் என்று சொல்லியனுப்பினேன். நீ நேரத்துக்குச் சாப்பிடு, அந்தப் பாடத்தில் மிச்சம் இருப்பதையும் எழுது. தீபாவளிக்கு வரும்போது செருப்பை மட்டும் கையிலேயே வைத்துக்கொள், இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. எல்லா நலமும் பெற்று நீ நீடூழி வாழ வேண்டும் என்று நாங்கள் இருவரும் ஆசீர்வதிக்கிறோம். கீழே இருக்கிற கோடு தம்பி போட்டது, பேனாவை நான் கேட்டதும் கொடுத்துவிட்டான்.

அன்புள்ள அப்பா
சௌந்தரபாண்டியன்