இருபத்தைந்துக்குக் கீழே ஒரு மாத்திரை

அக்டோபர் 14, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். நாமக்கல் பஸ்ஸில் ஷட்டர் இறங்கவில்லை. இடது தோள் முழுக்க ஈரம்.

கிருமி நீக்க வந்த ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி லோடு, காமா கதிரில் ஓடி முடிந்தது. சோதனைப் பெட்டியில் மேலே, நடுவே, கீழே வைத்திருந்த மூன்று அலனின் மாத்திரைகளையும் எடுத்தேன். ஹாஸ்டலில் அறைத்தோழி கௌசி கேட்டது ஞாபகம் வந்தது. "மாத்திரைன்னா, முழுங்கறதாடி?" இல்லை. கதிர் பட்டால் அதில் ஃப்ரீ ராடிக்கல்கள் உண்டாகி, அழியாமல் சிக்கிக் கிடக்கும். கதிர் கூடினால் அவையும் கூடும். ஈ.எஸ்.ஆர். கருவி அவற்றை அளந்து, எவ்வளவு கதிர் பட்டது என்று தரும். அவளிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை. சிரித்துவிட்டு வந்தேன்.

மேல் 26.0. நடு 25.9. கீழ் மூலை 23.4.

வேண்டிய கதிர் அளவு 25 கிலோகிரே. குறையவே கூடாது.

மாத்திரை உடைந்திருக்குமோ? எடை சரி. ஈரமோ? மூன்றும் ஒரே டப்பாவில் இருந்தவை. கருவியில் திரும்ப வைத்து அளந்தேன். அளப்பதால் ராடிக்கல் அழியாது, அது ஒரு நிம்மதி. மறுபடியும் 23.4.

சூப்பர்வைசர் முருகேசன் சார்: "மூணையும் கூட்டி ஆவரேஜ் போடு. இருபத்தஞ்சுக்கு மேல வரும்."

வரும்தான். 25.1. மனதில் அப்போதே போட்டுப் பார்த்துவிட்டேன்.

"குறைஞ்சதத்தானுங்க சார் பாக்கணும்." அவ்வளவுதான் வாயில் வந்தது.

"ஸ்டிக்கர் எல்லாம் செவந்திருச்சு பாரு!"

பெட்டி மேல் ஒட்டும் மஞ்சள் ஸ்டிக்கர் கதிர் பட்டால் சிவக்கும். பட்டதா என்று சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது. ஒரு மூலைத் துணி யாருடைய புண் மேல் போகும் என்றும் சொல்லாது.

ரிப்போர்ட்டில் என் கையெழுத்து வேண்டும். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை, அது சார் கையில். ஆட்டையாம்பட்டியில் அப்பா, தறி ஓட்டுகிற எல்லோரிடமும் "எம்புள்ள லேபுல இருக்குது" என்று சொல்லி வைத்திருக்கிறார்.

23.4 என்றே எழுதிக் கொடுத்தேன்.

"அப்ப நீயே போயி டிரைவர்கிட்டச் சொல்லு."

லோடு ஏற்ற வந்த லாரி டிரைவர், டீ டம்ளரோடு: "ஏத்தலாமுங்களா அம்மணி?"

"இல்லீங்கண்ணா. கதிர் பத்தல."

"காதுல உழுகல. சத்தமாச் சொல்லுங்க!"

சொன்னேன். லோடுமேன்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"பொழப்பக் கெடுத்தீங்களே. செரி, நாளன்னைக்கு வாரேன்."

அக்டோபர் 15, புதன்

மழை இல்லை. டிபன் பாக்ஸில் சாம்பார் சாதம் ஊசிப்போயிருந்தது.

பெட்டியைப் பிரித்தோம். கீழ் மூலையில் துணிக்குப் பதில் இறுக்கிக் கட்டிய பஞ்சுப் பொதிகள். கதிர் அங்கே போய்ச் சேருமுன் குறைந்திருக்கிறது. உள்ளே அடுக்கும் விதத்தை மாற்றியதை அனுப்பியவர்கள் சொல்லவில்லை. சார் போனில் கத்தினார். பிறகு அவர்கள் சம்மதம் வாங்கி, லோடு முழுக்க இன்னொரு சின்ன ஓட்டம். அதே மாத்திரைகள், அதே இடங்கள். பழைய ராடிக்கல்களோடு புதியவை சேரும்.



அக்டோபர் 16, வியாழன்

கீழ் மூலை 28.2. மேல் 31.3. துணி தாங்கும் உச்ச வரம்புக்கு உள்ளே.

சார் நிமிராமல் கையெழுத்துப் போட்டார். "அடுத்த லோடுக்கு எத்தன மாத்திர வெப்ப?"

"மூலைக்கு ஒண்ணு வெக்கறேனுங்க சார்."

"ம்."

நிரந்தரம் பற்றிப் பேச்சில்லை. நானும் கேட்கவில்லை.

வெளியே அதே டிரைவர், கேபினிலிருந்தே: "அம்மணி! இன்னைக்காச்சும் உங்க மாத்திரைக்கு மனசு எறங்குச்சுங்களா?"

"எறங்கிருச்சுங்கண்ணா, ஏத்துங்க!"

கேட் வாட்ச்மேன் வரை கேட்டிருக்கும்.