பள்ளிக்கூடத்தை ஒட்டிய கீழ்வயல்

அன்பு மகள் ஹெலெத்துக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பி இதை எழுதுகிறேன். ஹோபார்ட்டில் இப்போது குளிர்காலம்தானே, சின்னவனுக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள். இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, ஆனாலும் கோழிகளை வேறு யாரையும் பார்க்க விடமாட்டாள். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசுதான் கிடந்து அடித்துக்கொள்கிறது.

போன வெள்ளிக்கிழமையோடு நம் பென்கரெக் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் ஏன்ப்பா மூடினார்கள் என்று நீ கேட்பாய், பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று நான் மழுப்புவேன், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தை ஒட்டிய நம் கீழ்வயலை ஆடு மேய்க்கக் குத்தகைக்கு விட்டிருக்கிறேன் என்று உன்னிடம் சொன்னேனே, அது பொய்யம்மா. வீடு கட்டுகிற ஒரு கம்பெனிக்கு அதை விற்றுவிட்டேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ வேண்டாம் என்று சொல்லியிருப்பாய், எனக்கு அது தெரியும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் மூடப்போகிற பள்ளிகள் என்று மாவட்ட அலுவலகம் ஒரு பட்டியல் போட்டது, அதில் நம் பள்ளியும் இருந்தது. மொத்தம் இருபத்தேழு பிள்ளைகள். அடுத்த பண்ணை எம்ரிஸ்தான் ஊரைக் கூட்டினான். நானும் அவனும் அந்தப் பள்ளியில் ஒரே பெஞ்சு, நீயும் அவன் மகள் லவ்ரியும் அதே போலத்தான். இப்போது லவ்ரியின் பிள்ளைகள் இரண்டும் அங்கேதான் படித்துக்கொண்டிருந்தார்கள். கையெழுத்து வாங்கினோம், மனு கொடுத்தோம், ஒன்றும் அசையவில்லை. அந்த நேரம் பார்த்து ஹார்ட்லி என்று ஒருவர் கம்பெனியிலிருந்து வந்து நம் சமையலறையில் உட்கார்ந்தார். “அறுபது வீடு வந்தா அறுபது குடும்பம் வரும் பெரியவரே, வீட்டுக்கு ரெண்டு பிள்ளைன்னு வச்சுக்கோங்க, அப்புறம் எந்த அதிகாரி இந்தப் பள்ளிக்கூடத்த மூடுவான்?” என்றார். அம்மா டீயை வைத்துவிட்டு நகராமல் அங்கேயே நின்றாள். “பேச்செல்லாம் சரிங்க, பிள்ளைகுட்டிக்காரங்களுக்குத்தான் வீடுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க” என்று அவரிடம் நேராகவே சொன்னாள். அவர் சிரித்தார். நான் அவளை “நீ சும்மா இரு” என்று அடக்கினேன். வந்த மனுஷனைச் சந்தேகப்படுவது மரியாதை இல்லை என்று நினைத்தேன். அடுத்த வாரமே கையெழுத்துப் போட்டேன். ஊர்க்கூட்டத்தில் நான் எழுந்து வயலை விற்றதைச் சொன்னபோது எல்லாரும் கை தட்டினார்கள். எம்ரிஸ் என் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டி, “காப்பாத்திட்டடா இத்வால்!” என்றான். அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் உனக்கு எழுதக்கூடப் பேனாவை எடுத்தேன், பள்ளிக்கூடம் நிலைத்த பிறகு சொல்லலாம் என்று வைத்துவிட்டேன்.

ஒரு வருடம் கழித்து வயல் முனையில் இருக்கிற விளக்குக் கம்பத்தில் வீட்டுத் திட்டத்தை அறிவிக்கிற ஒரு தாளைக் கட்டிவிட்டுப் போனார்கள். தினமும் அதைத் தாண்டித்தான் போகிறேன், நின்று படிக்கவில்லை. லவ்ரிதான் படித்துவிட்டு ஓடி வந்தாள். வீடுகள் எல்லாம் ஐம்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்கு மட்டும் என்று திட்டத்தை மாற்றியிருந்தார்கள். கடல் தெரிகிற இடமாம், வேலையை விட்டு ஓய்ந்தவர்கள்தான் வாங்க வருவார்களாம். ஹார்ட்லிக்குப் போன் போட்டேன். “அவர் இப்ப இங்க வேலையில இல்லைங்களே” என்று ஒரு பெண் சொன்னாள். ஒப்பந்தத்தை எடுத்து மூன்று தடவை படித்தேன், பிள்ளை என்ற சொல்லே அதில் எங்கும் இல்லை. அம்மா கோழிகளுக்குத் தீனி போடப் போய்விட்டாள். நான் சொன்னேனே என்று ஒரு தடவை அவள் கத்தியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பள்ளியை மூடுவது பற்றி மாவட்ட அலுவலகத்தில் நடந்த கடைசி விசாரணைக்கு முப்பத்தோரு பேர் பஸ் பிடித்துப் போனோம். விசாரித்த அதிகாரி கெட்டவள் இல்லை ஹெலெத், எங்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் காகிதத்தைப் பார்த்தே படித்தாள். புதிய குடியிருப்பிலிருந்து வரக்கூடிய மாணவர் எண்ணிக்கை பூஜ்யம் என்று படித்தாள். எம்ரிஸ் திரும்பி என்னைப் பார்த்தான். திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காராமல் பின்னால் போய்விட்டான். அதன் பிறகு பத்து மாதம் அவன் என்னோடு பேசவில்லை. கடையில் நான் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். கல்லாவில் நிற்கிற பையன் டாய், “என்ன இத்வால் மாமா, புது வீட்டுல ஒண்ணு உங்களுக்குச் சும்மாவே தர்றாங்களாமே?” என்றான். ரொட்டியை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

கடைசி நாளன்று நாற்காலிகளை வண்டியில் ஏற்ற ஆள் வேண்டும் என்று தெலரி டீச்சர் கேட்டிருந்தார், நானும் போனேன். நீ இருந்தபோது புதிதாக வந்த அதே டீச்சர்தான், இப்போது முடியெல்லாம் நரைத்துவிட்டது. பிள்ளைகள் பாடினார்கள், நான் உள்ளே போகவில்லை, வண்டியோடு நின்றுகொண்டேன். லவ்ரியின் சின்னப் பெண் காடி, ஆறு வயசு, என்னிடம் வந்து, “தாத்தா, டவுன் பஸ்ல ஒண்ணுக்கு வந்தா நிப்பாட்டுவாங்களா?” என்று கேட்டாள். கேட்டா நிப்பாட்டுவாங்க கண்ணு என்று சொன்னேன். நிறுத்துவார்களா என்று எனக்கு எப்படித் தெரியும். டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போக ஐம்பது நிமிடம், வர ஐம்பது நிமிடம். லவ்ரி அதற்குச் சம்மதிக்கவில்லை, குடும்பத்தோடு டவுனுக்கே போகிறாள். இன்னும் மூன்று குடும்பங்களும் போகின்றன, மற்றவர்கள் முன்பே போய்விட்டார்கள். அதோடு ஊரில் பிள்ளைச் சத்தம் முடிந்தது.

நேற்று எம்ரிஸ் நம் வாசல் கேட்டுக்கு வந்து நின்றான். திட்டத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்து வெளியே போனேன், திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான். “லவ்ரி போனப்புறம் அவ்வளவு பெரிய வீட்டுல ஒத்தையா என்னடா பண்றது? அந்தப் புது வீட்டுல ஒண்ணுக்கு எழுதிப் போட்டிருக்கேன். எனக்குத்தான் வயசு இருக்கே” என்றான். பிறகு, “அந்த வயல் உனக்குத்தான் தெரியும். எந்த மூலையில தண்ணி நிக்காது, சொல்லு” என்றான். இருவரும் நடந்து போனோம், நான் மேற்கு மூலையைக் கை காட்டினேன். தலையாட்டிவிட்டுப் போனான்.

அம்மா மேல் கோபப்படாதே, நான் கேட்டுக்கொண்டதால்தான் அவளும் உன்னிடம் மறைத்தாள். லவ்ரிக்கு மறக்காமல் ஒரு வரி எழுது. குழந்தைகளிடம் நம் மொழியிலேயே பேசு, இங்கே அதைப் பேசப் பிள்ளைகள் இல்லை. என்னைப் பற்றி நீ என்ன நினைத்தாலும் எழுது, எழுதாமல் மட்டும் இருக்காதே. நீங்கள் எல்லாரும் குறைவில்லாமல் நெடுங்காலம் வாழ வேண்டும் என்று கடவுளைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
இத்வால்