டேவிட் அங்கிளின் ஐந்தில் ஒரு பங்கு

டிசம்பர் 2, செவ்வாய்

பக்கவாதத்தில் படுத்திருக்கும் என் கணவருக்கு நர்ஸ் வைக்க, பக்கத்து வீட்டு டேவிட் அங்கிளிடம் மறுபடியும் பணம் கேட்டேன். நர்ஸை இன்ஷூரன்ஸ் நிறுத்திவிட்டது. என் வெட்கம் தானாகவே நின்றுவிட்டது.

அங்கிள் நெஞ்சு வரை தொங்கும் தாடியைத் தடவினார். "சாரி பத்மா. எங்க யூத மதத்துல வருமானத்துல அஞ்சுல ஒரு பங்குக்கு மேல தானம் பண்ணக் கூடாது. பண்ணினா நாளைக்கு நானே உன் வாசல்ல வந்து நிப்பேன். இந்த வருஷப் பங்கு முடிஞ்சுபோச்சு."

கஞ்சத்தனத்துக்கு வேதத்திலேயே இடம் பிடித்துவிட்டாரே என்று மனதுக்குள் வம்பளந்துகொண்டே வீடு திரும்பினேன். முன்பென்றால் இவரிடம் சொல்லிச் சிரித்திருப்பேன். இவருக்குத்தான் இப்போது பேச்சு வரவில்லையே.

சாயங்காலம் காலிங் பெல் அடித்தது. அங்கிள், கையில் எலக்ட்ரிக் ஷேவரோடு.

"பணத்துக்குத்தான் அளவு. உடம்பால செய்யறதுக்கு எங்க சட்டத்துல அளவே கிடையாது."

தன் தாடியில் கத்தரிக்கோல் படவிடாத மனிதர், இவருடைய தாடியை மழமழவென்று மழித்து, தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தார். நாளைக்கும் வருவாராம்.

நர்ஸுக்கு இன்னும் வழியில்லை. அழுகை வருமா என்று பார்த்தேன், வரவில்லை. இவர் கன்னத்தைத் தொட்டேன். வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. எனக்கு அதுவும் வரவில்லை.