சூசை மேசனும் நம் கூரையும்

கொட்டாஞ்சேனை,
12.6.1939

அன்புள்ள பிலோமினா,

மாதா துணையால் நான் சுகம். மன்னாரில் நீயும் மாமியும் சுகமா?

நீ வந்து இருக்கக் கட்டும் நம் அறைக்கு முழுக்காசும் வாங்கிவிட்டுக் கூரை போடாத சூசை மேசன்மேல் வழக்கு வைத்துவிட்டேன்! பயப்படாதே. காசுக்குத் துண்டு எழுதி வாங்காதது என் பிழைதான். கோட்டில் நீதவானிடம் அவன், "சுவருக்கு மட்டுந்தான் இவர் காசு தந்தவர், ஐயா" என்றான். "அந்தோனியார் முன்னால சத்தியம் பண்ணட்டும், வழக்கை விடுறன்" என்றேன். நீதவானும் சம்மதித்தார்.

அந்தோனியார் கோயில் படியிலேயே அவனுக்கு வேர்த்துவிட்டது. "தம்பி, அந்தோனியாரை இதுக்குள்ள இழுக்காதையும். வாற திங்கள் ஓடு போடுறன்" என்றான்.

இப்போதெல்லாம் வேலை விட்டதும் அந்த அறையில்தான் படுத்துக்கிடக்கிறேன். மேகமெல்லாம் துறைமுகப் பக்கம் போகிறது. உன்னோடு கதைத்துக்கொண்டே பார்க்கிறேன். ஒரு பெரிய பாய் கொண்டு வா. திங்களுக்கு முன்பே வந்துவிடேன். ஓடு போட்டால் இந்த வானம் தெரியாது.

தபால் கந்தோரைப் பூட்டப்போகிறார்கள், முடிக்கிறேன்.

உன்
ஸ்ரனிஸ்லாஸ்