ஐ விட்டுப்போன தண்ணீர்

மார்ச் 4

இன்று சொல்லாமல் விட்டது: "எனக்கு ரஷ்ய மொழி தெரியும் சார்."

மேனேஜர் ரகுபதி நான் வேலை செய்யும் லைனுக்கே வந்து கேட்டார். ரஷ்யாவில், கசானில் உள்ள ஒரு கம்பெனிக்கு நாங்கள் பாகங்கள் செய்து தரப்போகிறோம். அங்கே மூன்று மாதப் பயிற்சிக்கு மொழி தெரிந்த ஒருவர் போகவேண்டுமாம். இரண்டு வருடமாக ஒரகடம் பஸ்ஸில் செல்போனை வைத்துக்கொண்டு நான் படித்தது வேறு எதற்கு?

மார்ச் 5

அறையில் என்னோடு இருக்கும் ஷாரோன் கத்தினாள். "தூக்கத்துலயே தஸ்ஸு புஸ்ஸுன்னு ரஷ்யன் பேசிகினு கீற, அவராண்ட சொல்றதுக்கு இன்னாடி?" அவளே போய்ச் சொல்லியும்விட்டாள். திங்கட்கிழமை கசானிலிருந்து செர்கேய் என்பவர் வருகிறார். அவரிடம் பேசிக் காட்டவேண்டும்.

போய்விடுவேனா?

மார்ச் 8

வேற்றுமைக்கு ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் — வதா. தண்ணீரால், வதோய். தண்ணீர் இல்லை என்றால் வதி. இல்லாத தண்ணீருக்கும் அவர்களிடம் ஓர் உருவம் இருக்கிறது. தண்ணீரை, வோது; எழுதும்போது கடைசி எழுத்து ஒன்றுதான் மாறும். நான் இடறுவது இங்கேதான். தமிழில் யார் தண்ணீரைக் குடிக்கிறார்கள்? தண்ணீர் குடிக்கிறோம். ஐ வருவதே இல்லை.

மார்ச் 10

நன்றாகத்தான் பேசினேன். இயந்திரம், அளவு, கழிவு எல்லாம். நடுவில் டீ வந்தது. வேண்டாம், தண்ணீர் குடிக்கிறேன் என்று சொல்ல வந்து — யா ப்யூ வதா. செர்கேய் சிரித்து, "வோது, வோது" என்று திருத்தி, அவரே தம்ளரை நிரப்பிக் கொடுத்தார். கெட்ட சிரிப்பில்லை.

ரகுபதிக்குச் சிரிப்பு மட்டும் கேட்டிருக்கிறது.

மார்ச் 12

ரகுபதி கூப்பிட்டுச் சொன்னார்: "தப்புத்தப்பா பேசுனா கம்பெனி மானம் போயிடும்மா. அதோட நீ கான்ட்ராக்ட்டு. ஜீவானந்தம் பர்மனென்ட்டு, இன்ஜினியரு. நீயே அவனுக்குச் சொல்லிக் குடுத்துடேன்."

ஜீவானந்தத்துக்கு ஒரு ரஷ்ய எழுத்துகூடத் தெரியாது. தெரியாதவனுக்கு எப்படிங்க தப்பு வரும்?

மார்ச் 13

தூக்கமில்லை. ஒரே ஓர் எழுத்து.

மார்ச் 16

"கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள்." இதிலும் ஐ இல்லை. ஐ சேர்த்தால் அது குறிப்பிட்ட ஒருவர் ஆகிவிடும். ஜீவானந்தத்தை அனுப்புகிறார்கள். என்னை எடுத்தபோது, ஆள்தான் எடுத்தார்கள்.

மார்ச் 27

சாப்பாட்டு நேரத்தில் அவனுக்குப் பாடம். "இன்னா அம்சா, ஒரு தண்ணிக்கு இத்தினி வாலா? நான் கையக் காட்டி வாங்கிப்பேன், வுடு." நானும் சிரித்தேன். சிரித்திருக்க வேண்டாம்.

மே 19

ஜீவானந்தம் கசான் போய் ஒரு வாரமாகிறது. இன்று அறைக்குத் திரும்பும்போது, பஸ் பென்னலூரில் நின்ற நேரத்தில், அவனிடமிருந்து ஒரு படம் வந்தது. கண்ணாடிக் கதவு, அதன் மேல் இரண்டு சொல். "அம்சா, இன்னா எழுதிகீது? இழுத்தா வரமாட்டேங்குது."

அத் சிபியா. சொல்லுக்குச் சொல், 'தன்னிடமிருந்து.'

"தள்ளுங்க சார்" என்று அனுப்பினேன்.

கட்டைவிரல் ஒன்று வந்தது.