வெறுங்குடத்தில் விழிக்காத அரசவை

“சாயங்காலம் வற்றிப்போன குடத்தைக் காலையில் யார் நிரப்பினார்கள்?”

ஐந்து வயது நிரம்பாத இளவரசி செங்கமலை கேட்ட இக்கேள்வியை முன்வைத்து, அதன்பின் வாழ்த்தெழுதுகிறேன். முறை பிறழ்ந்ததைப் பொறுத்தருள்க. கொங்கலர் நாடாளும் அடலரசரின் அமைச்சன் பிச்சன், மேல்கரை நாட்டுத் தலைவர் மாறாடியாருக்கு விடுக்கும் ஓலை. தங்கள் ஏரிகள் நிறைக. கோயில் விளக்குகள் அணையாதிருக்க.

நாட்டின் வரவுசெலவை நீரால் அளந்து காட்டும் நம் அவையின் நீர்ப்பொறியைத் தாங்கள் அறிவீர்கள். விளைச்சல் என நாம் ஊற்றும் நீர் செப்புக் குழாய்களில் இறங்கி, குடிகளின் குடத்துக்கும் அங்காடித் தொட்டிக்கும் பிரியும். வரி என்னும் மதகைத் திறந்தால், குடிகளின் நீர் அரசின் தொட்டிக்குப் பாயும். பகலெல்லாம் பொறி ஓட, மறுநாள் விடியலில் அரசர் அளவு பார்ப்பார். இவ்வாண்டு மதகை இருமடங்கு திறந்தும், விடியல்தோறும் குடிகளின் குடம் தளும்பி நிற்கக் கண்ட அவை, மேல்கரை தன் விதைநெல்லையும் தரவல்லது என்று முடிவு செய்து, அதையும் வரியாகத் தண்ட ஆணையிட்டது. அவ்வாணையையே தாங்கள் நிறைவேற்றி வருகிறீர்கள்.

குழந்தை கேட்டபின் விசாரித்தோம். பொறிக்கு நீர் சுமக்கும் குமுதத்தாள் ஒளிக்காமல் சொன்னாள்: “விடியற்காலையில் அரசர் வெறுங்குடத்தில் விழிக்கலாமா, ஐயா? நான்தான் ஊற்றி வைத்தேன்.”

அவள் காத்தது மங்கல வழக்கம்; கட்டப்பட்டதோ எங்கள் கண். அவளைத் தண்டிக்கச் சொன்னவர்களிடம், வயலைப் பார்க்காமல் குடத்தைப் பார்த்த குற்றம் தன்னுடையதே என்று அரசர் கூறி எழுந்து போனார்.

என் மனம் ஆறவில்லை. மேல்கரையில் வெறுங்குடத்தை நிரப்ப எந்தக் குமுதத்தாள் வருவாள்? அண்டை வீட்டார் தந்த ஆழாக்கு நெல்லில்தான் பல அடுப்புகள் எரிந்திருக்கும். அந்த ஆழாக்குக்கு நம் பொறியில் குழாய் இல்லை. இறைவன் மட்டுமே அதை அளந்திருக்கிறான்.

ஆகவே இவ்வோலை கண்டவுடன் தண்டலை நிறுத்துக. களஞ்சியத்தில் எஞ்சிய விதைநெல்லை உடையவர்க்கே திருப்புக. யானைக் கொட்டிலில் தீனியாய்த் தீர்ந்த நெல் இனி மீளாது, மழையோ நெருங்கிவிட்டது. அதற்கு ஈடாக என் நிலத்து விதைநெல் வண்டிகளில் பின்னே வருகிறது. எல்லோருக்கும் போதாது என்பதையும் அறிவேன். பறையறைய வேண்டா, எவரையும் கையேந்தி நிற்கச் செய்ய வேண்டா. உழவர் வயலுக்குப் போயிருக்கும் வேளையில் வாசலில் இறக்கிவிட்டு ஆட்கள் திரும்பட்டும்.

இது அரசர் ஆணை. மயில் முத்திரை இட்டேன். இறைவன் அறிந்தால் போதும் என்று, சாட்சிகள் கைச்சாத்திடும் இடத்தை வெறுமையாகவே விட்டிருக்கிறேன்.