மழையில் பார்த்து நிராகரித்த கூரையை மீண்டும் பார்க்கக் கோருதல்

அனுப்புநர்:
திருமதி ஷரோன் ஹரோல்ட்,
ஸ்ரேசன் ஒழுங்கை,
கொக்குவில்.

பெறுநர்:
பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம்.

பொருள்: வீட்டுக்கூரைச் சூரிய மின்சார உதவித் திட்டத்தில் எமது விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டமை.

மதிப்புக்குரிய ஐயா,

1. என் கணவர் ஹரோல்ட் நுரையீரல் நோயாளி. நாளின் பெரும்பகுதி ஒட்சிசன் இயந்திரத்தின் உதவியுடனேயே மூச்சு விடுகிறார். மின்சாரம் நின்றால் இயந்திரமும் நிற்கும். வீட்டிலுள்ள சிலிண்டர் நெடுநேரத்துக்குப் போதாது. அதனாலேயே, நோயாளர் உள்ள வீடுகளுக்குச் சூரிய மின்தகடும் பற்றரியும் வழங்கும் தங்கள் திட்டத்துக்கு விண்ணப்பித்தேன்.

2. கார்த்திகை அடைமழையில் மின்தகடு பொருத்தும் ஒப்பந்த நிறுவனத்தின் பரிசோதகர் வந்தார். ஈரத்தில் கூரையில் ஏற முடியவில்லை. முற்றத்தில் குடையுடன் நின்று பார்த்துவிட்டு, "மாரியிலை இஞ்சை வெயில் காணாது அம்மா. பக்கத்து மாமரமும் மறைக்குது. உங்கடை கூரைக்கு இது சரிவராது" என்றார். நிராகரிப்புக்கும் அதுவே காரணமாகக் காட்டப்பட்டது. அவர் மரியாதையாகவே நடந்துகொண்டார். அவர்மீது எனக்குக் கோபமில்லை.

3. அடுத்த வாரமே காற்றில் மின்கம்பி அறுந்தது. எங்கள் ஒழுங்கையில் சூரிய மின்சாரமும் பற்றரியும் உள்ள ஒரே வீடு திரு. றமேஸ் அவர்களுடையது. அவரும் அயலவர்களும் ஹரோல்டைக் கதிரையோடு தூக்கிச் சென்றார்கள். இயந்திரத்தை மழையில் நனையாமல் படங்கால் போர்த்திக்கொண்டு நான் பின்னால் ஓடினேன். வானம் அன்றும் இருண்டே கிடந்தது. ஆனாலும் கம்பி சீராகும் மாலைவரை இயந்திரம் அங்கே நிற்காமல் ஓடியது. மாரியில் மின் உற்பத்தி குறையும், ஆனால் அறவே நின்றுபோவதில்லை, கோடையில் மிஞ்சுகிறது என்று றமேஸ் தம் அனுபவத்தில் கூறுகிறார்.

4. மரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது பக்கத்து வளவில் திருமதி மனோன்மணி அவர்கள் வளர்த்த கறுத்தக்கொழும்பான் மாமரம். அதை வெட்டும்படி நாங்கள் கேட்கவில்லை. கேட்க மனமும் வரவில்லை. தைப்பொங்கல் கழிந்து ஒரு காலை, மரம் அரியும் சத்தம் கேட்டு ஓடினேன். அதற்குள் மரம் சரிந்துவிட்டது. "ஏன் அக்கா இப்பிடிச் செய்தனீங்கள்?" என்று அழுதேன். "மாம்பழம் சந்தையிலை வேண்டலாம் பிள்ளை. ஹரோல்டின்ரை மூச்சை எங்கை போய் வேண்டுறது?" என்று சொல்லிவிட்டுக் கொப்புகளை இழுத்து ஒதுக்கத் தொடங்கினார்.

5. இப்போது எங்கள் கூரையில் காலை முதல் பின்னேரம்வரை மறைப்பின்றி வெயில் விழுகிறது. இதைத் தங்கள் அலுவலகத்தில் தெரிவித்தபோது, ஒருமுறை நிராகரித்ததை மீண்டும் எடுக்க வழியில்லை என்றார்கள். மனோன்மணி அக்காவிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை.

ஆகவே, அடுத்த மாரிக்கு முன்னர் கூரையில் ஏறிப் பார்க்க ஒருவரை அனுப்பி, விண்ணப்பத்தை மறுபரிசீலனை செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். முன்பு வந்தவரே வந்தாலும் சம்மதம். வெயில் நாளோ மழை நாளோ, வரும் நேரத்தை முன்கூட்டி அறிவிக்கவும் தேவையில்லை. ஹரோல்ட் எந்நேரமும் வீட்டில்தான் இருக்கிறார்.

தங்கள் நல்ல முடிவை எதிர்நோக்கும்,

ஷரோன் ஹரோல்ட்

கொக்குவில்
12.02.2025